1965 மஸ்டாங்கின் எண்களைப் படிப்பது எப்படி? வாங்கும் முன் ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய அமெரிக்கக் கார்களை விற்பவர்கள் எல்லோரும் சொல்லும் ஒரு வார்த்தை, "மேட்சிங் நம்பர்ஸ்". என்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் தொழிற்சாலையில் ஏறியவைதான், எதுவும் மாறவில்லை என்று அதற்குப் பொருள். சொன்ன மாத்திரத்தில் விலை ஏறிவிடும். 1965 ஃபோர்டு மஸ்டாங்கைக் காட்டி யாராவது இப்படிச் சொன்னால், "எந்த எண், எந்த எண்ணோடு பொருந்துகிறது?" என்று கேளுங்கள். அந்த ஆண்டின் பெரும்பாலான மஸ்டாங்குகளில் என்ஜின் மேல் காரின் எண்ணைப் பொறிக்கவே இல்லை. இல்லாத எண்ணை எதோடு பொருத்திப் பார்ப்பது?

நம் ஊர் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். சேஸிஸ் நம்பர் ஒன்று, என்ஜின் நம்பர் ஒன்று என்று இரண்டும் பதிவில் இருப்பதுதான் நமக்குத் தெரிந்த வழக்கம். அமெரிக்காவில் அன்று ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தது. இன்று நாம் பார்க்கும் 17 இலக்க அடையாள எண் 1981 மாடல் ஆண்டிலிருந்துதான் அங்கே எல்லோருக்கும் பொதுவானது. அதற்கு முந்தைய காரைப் படிக்க அந்தக் கம்பெனியின் அந்த ஆண்டுப் பட்டியல் வேண்டும். பொதுவான சூத்திரம் கிடையாது. அதனால் ஒரே ஒரு காரை எடுத்துக்கொண்டு அடிவரை போவோம். மஸ்டாங் அதற்குத் தோதானது. ஏராளமாக விற்ற கார், இன்றும் நிறைய கிடைக்கிறது, போலிகளும் அதற்கேற்ப நிறைய.

தொடங்கும் முன் ஒரு சின்ன ஏற்பாடு. ஆங்கில எழுத்துகளைத் தமிழில் எழுதும்போது "டயர்" என்பதன் முதலெழுத்தை டீ என்றும், "டாக்டர்" என்பதன் முதலெழுத்தை டி என்றும் எழுதுகிறேன். இரண்டும் இந்தக் காரில் வரும், குழப்பிக்கொண்டால் வேறு என்ஜின் ஆகிவிடும்.

எண் எங்கே இருக்கிறது

பானட்டைத் திறந்து டிரைவர் பக்கம் பாருங்கள். அமெரிக்கக் கார் என்பதால் அது இடதுபக்கம். பெண்டருக்கு (முன்சக்கரத்தை மூடும் வெளித்தகடு) உட்புறம் என்ஜின் அறையின் சுவராக நிற்கும் தகட்டின் மேல்விளிம்பில் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அது தெரிவதற்காகவே பெண்டரின் ஓரத்தில் சிறிய வெட்டு விட்டிருப்பார்கள். காரின் அடையாளம் இதுதான். கதவில் ஒரு பிளேட்டும் உண்டு, அதிலும் இதே எண் இருக்கும். ஆனால் அது ஆணியடித்த தகடு, கழற்றி மாட்டக்கூடியது. புதிதாக அச்சடித்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் முரண்பட்டால் உள்தகட்டில் பொறித்ததை நம்புங்கள், கதவு எங்கிருந்து வந்தது என்று விசாரியுங்கள். விபத்தில் அடிபட்டு வேறு காரின் கதவை மாட்டியிருந்தால் அது குற்றமல்ல. அதை மறைத்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பலருக்குத் தெரியாத விஷயம், பெண்டருக்கு அடியில் மறைவாகவும் இதே எண்ணைப் பொறித்திருப்பார்கள், இடதுபக்கத்திலும் வலதுபக்கத்திலும். பெண்டரைக் கழற்றினால்தான் தெரியும். விலை குறைந்த காருக்கு யாரும் இவ்வளவு தூரம் போக மாட்டார்கள். கே என்ஜின், ஷெல்பி (இரண்டும் விலை உயர்ந்த வகைகள், பின்னால் வரும்) என்று சொல்லிப் பெரிய தொகை கேட்கிறார்கள் என்றால் பெண்டரைக் கழற்றச் சொல்வதில் தயக்கமே வேண்டாம். மறுக்கிற விற்பனையாளர் அங்கேயே பதில் சொல்லிவிட்டார்.

எண் மங்கலாக இருந்தால் உப்புத்தாளும் கிரைண்டரும் எடுக்காதீர்கள். அறுபது வருடத்துப் பொறிப்பு ஆழமாக இருக்காது, தேய்த்தால் போயே போய்விடும். பெயின்ட் ரிமூவரைத் தடவி மெல்லத் துடைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் தெரியாதது சாய்வெளிச்சத்தில் தெரியும். ஆர்.டி.ஓ. வேலைக்குச் சேஸிஸ் பிரிண்ட் எடுப்பார்களே, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அதே வித்தை இங்கேயும் நன்றாக வேலை செய்யும். எண்ணைச் சுற்றி வெல்டிங் கோடு தெரிந்தால் அந்தத் துண்டை வேறெங்கிருந்தோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று வையுங்கள். அடையாள எண்ணைத் திருத்துவது அமெரிக்காவில் மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். அந்த வம்பு வாங்குபவர் தலையில் விடியும்.

பதினோரு இடங்கள்

மஸ்டாங் எண்ணில் பதினோரு எழுத்தும் இலக்கமுமாக இருக்கும். பிரபலமான ஒன்றை எடுத்துப் பார்ப்போம்: 5 எஃப் 08 எஃப் 100001. இந்தக் கார் இன்று மிச்சிகனில் டியர்பார்ன் நகரத்தின் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. வெள்ளை நிறக் கன்வெர்டிபிள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு டீலர் கடைக்குக் காட்சிக்குப் போன வண்டியை 1964 ஏப்ரலில் ஸ்டான்லி டக்கர் என்ற விமானி பிடிவாதமாக வாங்கிக்கொண்டு போய்விட்டார். திரும்ப வாங்க ஃபோர்டுக்கு இரண்டு வருடம் ஆயிற்று. புது மஸ்டாங் ஒன்றைக் கொடுத்துத்தான் இதை மீட்டார்கள்.

முதல் இலக்கம் ஆண்டு: 5 என்றால் 1965. 1964 ஏப்ரலில் விற்ற காருக்கு எப்படி 5? நியூயார்க் உலகக் கண்காட்சியில் 1964 ஏப்ரல் 17 அன்று அறிமுகமான முதல் மஸ்டாங்குகளையும் ஃபோர்டு 1965 மாடலாகவே பதிவு செய்தது. "1964½" என்பது ரசிகர்கள் வைத்த பெயர். காரில் எங்கும் அப்படி இல்லை. 4 என்று தொடங்கும் மஸ்டாங் எண்ணை யாராவது காட்டினால் அது மஸ்டாங்கே அல்ல.

இரண்டாவது எழுத்து தொழிற்சாலை. எஃப் என்றால் டியர்பார்ன், ஆர் என்றால் கலிஃபோர்னியாவின் சான் ஹோஸே, டீ என்றால் நியூஜெர்சியின் மெட்டச்சன். டியர்பார்னில்தான் முதலில் தொடங்கியது, பிறகு சான் ஹோஸே, மெட்டச்சன் 1965 தொடக்கத்தில்தான் சேர்ந்தது. ஆகவே டீ எழுத்துள்ள காரை "1964½" என்று விற்க வந்தால் சிரித்துக்கொண்டே நகருங்கள்.

அடுத்த இரண்டு இலக்கம் பாடி. 07 என்றால் ஹார்ட்டாப் (நிலையான கூரை), 08 கன்வெர்டிபிள் (மடக்கும் கூரை), 09 ஃபாஸ்ட்பேக் (பின்பக்கம் சாய்ந்திறங்கும் கூரை). இங்கேதான் பணம் புரள்கிறது. ஹார்ட்டாப்பை விட மற்ற இரண்டுக்கும் விலை அதிகம் என்பதால் 07 காரை வெட்டி ஃபாஸ்ட்பேக்காகவும் கன்வெர்டிபிளாகவும் மாற்றுவது அமெரிக்காவில் சர்வசாதாரணம். கூரை சாய்ந்திருக்கிறதா, எண்ணில் 09 இருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். ஃபாஸ்ட்பேக் உற்பத்தி 1964 ஆகஸ்டில்தான் தொடங்கியது, எனவே "1964½ ஃபாஸ்ட்பேக்" என்று ஒரு கார் உலகத்தில் இல்லை.

ஐந்தாவது எழுத்து என்ஜின். பதினோரு இடத்தில் இந்த ஒன்றுக்குத்தான் காரின் விலையைப் பல மடங்கு ஆக்கும் சக்தி உண்டு. ஏப்ரல் முதல் 1964 கோடை வரை வந்த முதல் தொகுதியில் யூ என்பது 170 கன அங்குல ஆறு சிலிண்டர், எஃப் என்பது 260 வி8 (எட்டு சிலிண்டர்), டி என்பது 210 குதிரைத்திறன் கொண்ட 289 வி8. ஆகஸ்டில் பட்டியலே மாறியது: டீ என்பது 200 கன அங்குல ஆறு சிலிண்டர், சி என்பது டூ பேரல் கார்புரேட்டர் வைத்த 289, 200 குதிரைத்திறன், ஏ என்பது ஃபோர் பேரல் வைத்த 289, 225 குதிரைத்திறன். யூ, எஃப், டி மூன்றில் ஒன்று இருந்தால் முதல் தொகுதிக் கார். டீ, சி, ஏ இருந்தால் பிந்தைய தொகுதி. முதல் தொகுதியில் டைனமோ, பிந்தையதில் ஆல்டர்னேட்டர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். டைனமோவை யாரும் மாற்றியிருக்கலாம், எழுத்தை மாற்ற முடியாது.

இரண்டு தொகுதியிலும் வரும் எழுத்து கே. 289 கன அங்குலத்தின் உயர்திறன் வடிவம், 271 குதிரைத்திறன். ரசிகர்கள் "ஹைபோ" என்பார்கள். சி அல்லது ஏ காரில் ஹைபோ பாகங்களை ஏற்றி "கே கார்" என்று விற்பது பழைய தந்திரம். பாகம் ஏறலாம், ஐந்தாவது இடத்தில் கே இல்லாவிட்டால் அது கே கார் இல்லை. இந்த என்ஜினில் மட்டும் ஃபோர்டு அந்த ஆண்டிலேயே காரின் எண்ணைப் பொறித்தது. எனவே 1965இல் எண்ணை எண்ணோடு ஒட்டிப் பார்க்க முடிகிற கார் கே ஒன்றுதான். மற்ற மஸ்டாங்குகளின் என்ஜினிலும் கியர்பாக்ஸிலும் காரின் எண் வருவது 1968 முதல்.

கடைசி ஆறும் வரிசை எண், 100001இலிருந்து தொடங்கும். ஃபோர்டின் இன்னொரு பிராண்டான மெர்க்குரியின் கார்களுக்கு 500001. தொழிற்சாலையில் வேறு ஃபோர்டு கார்களும் தயாரானால் எல்லாவற்றுக்கும் ஒரே வரிசைதான், ஆகவே எத்தனையாவது மஸ்டாங் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. வரிசை எண் அருகருகே இருப்பதால் ஒரே நாளில் லைனிலிருந்து இறங்கின என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கதவு பிளேட் சொல்லும் கதை

டிரைவர் கதவின் பின்விளிம்பில், பூட்டுக்கு அருகே, ஒரு தகடு. அதில் "வாரண்டி எண்" என்று போட்டிருப்பதும் மேலே பார்த்த அதே பதினோரு இடங்கள்தான். மேல்வரிசையில்தான் புதுத் தகவல்: பாடி, நிறம், உள்ளலங்காரம், தேதி, விற்பனை மாவட்டம், ஆக்ஸில், கியர்பாக்ஸ்.

பாடியில் 65 என்றால் ஹார்ட்டாப், 63 ஃபாஸ்ட்பேக், 76 கன்வெர்டிபிள். பின்னால் ஏ என்றால் சாதாரண உள்ளலங்காரம், பி என்றால் ஓடும் குதிரைகள் பொறித்த சொகுசு சீட். எண்ணில் 09, தகட்டில் 65 என்று வந்தால் இரண்டில் ஒன்று பொய். நிறத்துக்கு ஓர் எழுத்து: எம் என்றால் விம்பிள்டன் வெள்ளை, ஜே என்றால் ரங்கூன் சிவப்பு. ரங்கூன் போய்ச் சம்பாதித்த தாத்தாக்கள் இருந்த வீடுகளில் இந்தப் பெயர் கொஞ்சம் நின்று கேட்க வைக்கும். நிறத்துக்கான இடம் காலியாக இருந்தால் பயப்பட வேண்டாம், தனியாக ஆர்டர் செய்த பெயின்ட் என்று பொருள். அது கூடுதல் மதிப்புதான்.

விற்பனை மாவட்டம் என்பது எந்த ஃபோர்டு அலுவலகம் காரை ஆர்டர் செய்தது என்பது: 71 லாஸ் ஏஞ்சலஸ், 72 சான் ஹோஸே. பின்னால் கூடுதல் இலக்கங்கள் ஒட்டியிருந்தால் சிறப்பு ஆர்டர். ஆக்ஸிலில் இலக்கம் இருந்தால் சாதாரண வகை, எழுத்து இருந்தால் லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதுக்கும் விசை போகும் வகை). 1 என்றால் 3.00 விகிதம், ஏ என்றால் அதே விகிதத்தில் லிமிடெட் ஸ்லிப். கியர்பாக்ஸில் 1 மூன்று கியர், 5 நான்கு கியர், 6 ஆட்டோமேட்டிக்.

தேதிதான் முக்கியம். முன்னால் நாள், பின்னால் மாதத்துக்கு ஓர் எழுத்து. ஏ ஜனவரி, பி பிப்ரவரி என்று வரிசையாகப் போகும், ஐ மட்டும் கிடையாது, ஒன்று என்ற இலக்கத்தோடு குழம்பும் என்பதால். அதனால் எச் ஆகஸ்ட், ஜே செப்டம்பர், கே அக்டோபர், எல் நவம்பர், எம் டிசம்பர். ஒரு மாடலின் உற்பத்தி பன்னிரண்டு மாதத்தைத் தாண்டினால் என்ன செய்வது? அதற்காக என் முதல் இசட் வரை இரண்டாவது வரிசையும் பட்டியலில் உண்டு, அதில் ஓ விடுபடும். அடையாள எண்ணில் கே ஹைபோ என்ஜின், தேதியில் கே அக்டோபர். இரண்டையும் குழப்பிக்கொண்டு "கே பிளேட்" என்று குதிப்பவர்களை நீங்களும் பார்ப்பீர்கள்.

வார்ப்பு எண்கள்: தேதிகளைச் சாட்சிக்கு அழைப்பது

சி கார், ஏ கார் என்றால் என்ஜினில் காரின் எண் இல்லை என்று சொன்னேன். அப்படியானால் என்ஜின் ஒரிஜினலா என்று எப்படிப் பார்ப்பது? உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் "இருக்க வாய்ப்பே இல்லை" என்பதை உறுதியாகச் சொல்ல முடியும், வாங்குபவருக்கு அது போதும்.

வார்ப்பு எண் என்பது பாகத்தை வார்க்கும்போதே அதில் பதியும் எண். ஃபோர்டு வார்ப்பு எண்ணின் முதலெழுத்து பத்தாண்டைச் சொல்லும்: சி என்றால் 1960கள், டி என்றால் 1970கள். அடுத்த இலக்கம் அந்தப் பத்தாண்டுக்குள் எந்த வருடம். சி5 என்றால் 1965க்கு வடிவமைத்தது. மூன்றாவது எழுத்து எந்த மாடலுக்கு வடிவமைத்தார்கள் என்பது: இசட் மஸ்டாங், ஏ பெரிய ஃபோர்டு. நான்காவது எழுத்து ஈ என்றால் என்ஜின் பிரிவு. கோட்டுக்குப் பின் வரும் 6015 என்றால் பிளாக், 6049 என்றால் ஹெட். மஸ்டாங்கில் "சி5ஏஈ-6015" என்ற பிளாக்கைப் பார்த்து, இசட் இல்லையே, மாற்றியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 289 என்ஜின் பல கார்களுக்குப் பொது. வடிவமைப்பு எண் வேறு, எந்தக் காரில் ஏறியது என்பது வேறு.

உண்மையான சாட்சி வார்ப்பு எண்ணுக்கு அருகே இருக்கும் வார்ப்புத் தேதி. 289இல் இரண்டும் பிளாக்கின் வலதுபக்கம், ஸ்டார்ட்டருக்குப் பின்னால். ஸ்டார்ட்டரைக் கழற்றினால் நன்றாகத் தெரியும், கொஞ்சம் டீசலும் பிரஷ்ஷும் கையில் இருக்கட்டும். வடிவம் எளிது: வருடத்தின் கடைசி இலக்கம், மாத எழுத்து, நாள். 4 ஜே 21 என்றால் 1964 செப்டம்பர் 21.

விதி ஒன்றே ஒன்று: பாகத்தின் தேதி காரின் தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும். சில நாள் முதல் சில வாரம் வரை முன்னால் இருந்தால் இயல்பு. பல மாதம் முன்னால் என்றால் யோசிக்கலாம். ஒரு நாள் பின்னால் இருந்தாலும் அந்தப் பாகம் அந்தக் காரோடு பிறக்கவில்லை. பிளாக்கோடு நிறுத்தாமல் ஹெட், இன்டேக் மேனிஃபோல்டு, ஆக்ஸில் பெட்டி என்று தேதி உள்ள எல்லாவற்றையும் தாளில் எழுதி வரிசைப்படுத்துங்கள். எல்லாம் ஒரே பருவத்தில் குவிந்தால் நல்ல கார். பிளாக் மட்டும் தள்ளி நின்றால் கேள்வி கேளுங்கள்.

ஒரு காரை முழுதாகப் படிப்போம்

பயிற்சிக்காக நானே அமைத்த உதாரணம். உள்தகட்டில் 5 ஆர் 09 ஏ என்று தொடங்கும் எண். கதவு பிளேட்டில் 63ஏ, எம், தேதி 14 கே, மாவட்டம் 72, ஆக்ஸில் 1, கியர்பாக்ஸ் 5. பெண்டரில் ஜி.டி. (ஃபோர்டு தனியாகத் தந்த ஸ்போர்ட்ஸ் தொகுப்பு) பேட்ஜ், முன்கிரில்லில் இரண்டு மூடுபனி விளக்கு, கீழே ஜி.டி. கோடுகள். விற்பவர் சொல்வது: "ஒரிஜினல் ஜி.டி., மேட்சிங் நம்பர்ஸ்."

சான் ஹோஸேயில் செய்த 1965 ஃபாஸ்ட்பேக், 225 குதிரைத்திறன் 289, வெள்ளை நிறம், நான்கு கியர். எண்ணும் பிளேட்டும் ஒத்துப்போகின்றன. 09க்கு 63, சரி. சான் ஹோஸே கார், சான் ஹோஸே மாவட்டம், சரி. ஜி.டி. என்பது எண்ணிலும் பிளேட்டிலும் எங்கும் வராது என்பதை விற்பவர்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருப்பார்கள். ஆனால் ஜி.டி. தொகுப்பு ஏ அல்லது கே என்ஜினோடு மட்டும்தான் வந்தது. இது ஏ என்பதால் முதல் தடையைத் தாண்டிவிட்டது. சி காராக இருந்திருந்தால் இங்கேயே கதை முடிந்திருக்கும்.

இப்போது தேதி. 14 கே என்றால் அக்டோபர் 14. 1965 மாடல் 1965 கோடையோடு முடிந்துவிட்டதால் இந்த அக்டோபர் 1964ஆகத்தான் இருக்க முடியும். ஜி.டி. தொகுப்பை ஃபோர்டு அறிமுகப்படுத்தியது மஸ்டாங்கின் முதல் பிறந்தநாளுக்கு, 1965 ஏப்ரலில். ஆறு மாதம் முன்னால் செய்த காரில் தொழிற்சாலை ஜி.டி. எப்படி வரும்? யாரோ பிற்பாடு மாட்டியது. அழகாகக்கூட இருக்கலாம், ஆனால் ஜி.டி. விலை கொடுக்காதீர்கள்.

ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பார்க்கிறீர்கள், பிளாக்கில் 4 ஜே 21. காருக்கு மூன்று வாரம் முன்னால், இயல்பான இடைவெளி. ஆக இந்த என்ஜின் ஒரிஜினலாக இருக்கலாம், அதை மறுக்கக் காரணம் இல்லை. 4 எல் 9 என்று இருந்திருந்தால், நவம்பரில் வார்த்த பிளாக் அக்டோபர் காரில் ஏற வழியே இல்லை. முடிவில் இது நல்ல ஏ கோட் ஃபாஸ்ட்பேக், ஜி.டி. வேடம் போட்டது. அந்த விலைக்குக் கிடைத்தால் நான் வாங்குவேன்.

ஷெல்பி என்று சொன்னால்

1965இல் பந்தய வீரர் கரோல் ஷெல்பி மஸ்டாங்கை மாற்றிச் செய்த ஜி.டி.350 வெறும் 562. எல்லாம் சான் ஹோஸேயில் செய்த கே என்ஜின் ஃபாஸ்ட்பேக்குகள். ஆகவே ஃபோர்டு எண் 5 ஆர் 09 கே என்றுதான் தொடங்க வேண்டும். இதில் ஓர் எழுத்து மாறினாலும் அது ஷெல்பி கிடையாது. ஷெல்பியின் சொந்த எண்ணைத் தனித் தகடாக உள்தகட்டில் ஃபோர்டு எண்ணின் மேலேயே ஆணியடித்தார்கள்: எஸ்.எஃப்.எம்.5 என்று தொடங்கி, அடுத்து எஸ் என்றால் சாலைக்கார், ஆர் என்றால் பந்தயக்கார், பிறகு வரிசை எண். மேலே உள்ள தகட்டை எவரும் செய்துகொள்ளலாம் என்பதால் பெண்டருக்கு அடியில் மறைந்திருக்கும் ஃபோர்டு எண்ணைப் பார்க்காமல் ஷெல்பி வாங்கக்கூடாது. இந்தத் தொகையில் பெண்டர் கழற்றும் கூலி ஒரு செலவே அல்ல.

பிந்தைய ஆண்டுகள், ஆவணங்கள்

இங்கே படித்த பட்டியல் 1965க்கானது. 1966இல் முதல் இலக்கம் 6, பாடி எண்கள் அதேதான். 1967இலிருந்து பாடி மாறுகிறது: 01 ஹார்ட்டாப், 02 ஃபாஸ்ட்பேக், 03 கன்வெர்டிபிள். 1968இல் எண் டாஷ்போர்டுக்கு வந்து கண்ணாடி வழியே தெரியத் தொடங்கியது, அந்த வருடம் பயணி பக்கம், 1969இலிருந்து டிரைவர் பக்கம். என்ஜின் எழுத்தை எப்போதும் அந்தந்த ஆண்டுப் பட்டியலோடு மட்டும் ஒப்பிடுங்கள். 1964இல் எஃப் என்றால் 260, 1968இல் அதே எஃப் 302.

எண் எவ்வளவு பேசும் என்பதற்கு ஒரு கார் போதும். 8 ஆர் 02 எஸ் 125559: 1968, சான் ஹோஸே, ஃபாஸ்ட்பேக், 390 வி8. ஸ்டீவ் மெக்குயின் "புல்லிட்" படத்தில் ஓட்டிய கார் இது, 2020 ஜனவரியில் ஏலத்தில் 34 லட்சம் டாலருக்குப் போனது, கமிஷன் தனி. படத்துக்கு இன்னொரு காரும் இருந்தது, அதன் எண் 125558இல் முடியும். அது காணாமல் போய், 2017இல் மெக்சிகோவின் பாகா கலிஃபோர்னியாவில் துருப்பிடித்த கூடாகக் கிடைத்தது. அடையாளம் காட்டியது அந்தக் கடைசி இலக்கம்.

1967 முதலான ஃபோர்டு கார்களுக்கு உற்பத்திப் பதிவுகள் உள்ளன, கெவின் மார்ட்டி நடத்தும் நிறுவனம் ஃபோர்டின் அனுமதியோடு அவற்றிலிருந்து அறிக்கை தருகிறது. எந்தெந்த ஆப்ஷனோடு கார் வெளிவந்தது என்பது அதில் வந்துவிடும். 1965, 66 கார்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. யாராவது 1965 காருக்கு "மார்ட்டி ரிப்போர்ட்" இருக்கிறது என்று காட்டினால், காரை விட அந்தத் தாளை முதலில் சந்தேகியுங்கள்.

தொலைவிலிருந்து வாங்குகிறீர்கள் என்றால் முன்பணம் அனுப்பும் முன் நான்கு படங்களைக் கேளுங்கள்: உள்தகட்டு எண் அருகிலும் தள்ளியும், கதவு பிளேட், பிளாக்கின் வார்ப்பு எண்ணும் தேதியும், விற்பவர் கையில் இருக்கும் பதிவுப் பத்திரம். எண்ணின் படத்தில் சுற்றியுள்ள தகடும் தெரிய வேண்டும், எண்ணை மட்டும் நெருக்கி எடுத்த படம் உதவாது. பத்திரத்தில் உள்ள எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். 5க்கு எஸ், 8க்கு பி என்று தட்டச்சில் மாறியிருந்தால், அதைத் திருத்தித் தரும் வேலை விற்பவருடையது. பணம் கைமாறும் முன் அதை முடிக்கச் சொல்லுங்கள்.